டூ பை த்ரீ காபியும் மூன்று மணி நேரமும்

போன மாதம் என் மகள் என்னை ஒரு புது ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். பெயர் வேண்டாம். தோசை நன்றாகவே இருந்தது, சட்னி நாலு வகை வைத்தார்கள். காபியைப் பாதி குடிப்பதற்குள் பில் வந்துவிட்டது. பில்லை வைத்த பையன் நகரவில்லை. வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு குடும்பத்தை மேற்பார்வையாளர் எங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மகளிடம் அவள் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தோம்.

வீட்டுக்கு வந்ததும், “அப்பா, நீங்களே ஒரு ரிவ்யூ போடுங்களேன்” என்று போனைக் கையில் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு எத்தனை நட்சத்திரம், சர்வீசுக்கு எத்தனை, இடத்துக்கு எத்தனை என்று கேட்டது. எனக்கு வேண்டிய கேள்வி அதில் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார விட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஓட்டல் ஒன்று இந்த ஊரில் இருந்தது. 2008-இல் மூடிவிட்டார்கள். அதற்குத்தான் இந்த விமர்சனம்.

கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மெட்ராஸ்காரர்களுக்கு வெறும் ‘டிரைவ்-இன்’ என்றால் போதும்.

நான் மெடிக்கல் ரெப்பாக, அதாவது மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். 1983-இல் விருத்தாசலத்திலிருந்து வந்து திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூன்று பேர் அறையில் ஒரு கட்டில் பிடித்தேன். ரெப் வேலையில் ஒரு சங்கடம் உண்டு, அது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் டாக்டர்களைப் பார்த்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆகிவிடும். அவர்கள் மாலை கிளினிக் திறப்பது ஆறு மணிக்கு. நடுவில் இருக்கும் ஐந்தரை மணி நேரத்தை எங்கே வைப்பது? மேன்ஷன் அறை சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி இருக்கும். போட்ட டையோடும் கனமான பையோடும் பீச்சில் உட்கார முடியாது. கம்பெனிக்கு மெட்ராசில் ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. அன்றைக்குப் பார்த்த டாக்டர்கள் கணக்கை, நாங்கள் டி.சி.ஆர். என்று சொல்லும் தினசரி ரிப்போர்ட்டை, கார்பன் பேப்பர் வைத்து மூன்று பிரதி எழுதித் தபாலில் போட வேண்டும். அதற்கு ஒரு மேஜை வேண்டும்.

மேஜை டிரைவ்-இன்னில் இருந்தது. நுங்கம்பாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர், தி. நகர் எல்லாமே அங்கிருந்து பத்து நிமிடம். எந்தக் கம்பெனி ரெப்பாக இருந்தாலும் மதியம் அங்கே பார்த்துவிடலாம். காலையில் ஒரே டாக்டரின் வாசலில் ஒருவனை ஒருவன் முந்தப் பார்த்தவர்கள், மதியம் ஒரே மேஜையில் கார்பன் பேப்பரைப் பகிர்ந்துகொண்டு எழுதுவோம். எந்த டாக்டர் வெளிநாடு போயிருக்கிறார், எந்தக் கடையில் ஸ்டாக் தேங்கியிருக்கிறது, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எல்லாச் செய்தியும் அங்கேதான் கிடைத்தது. என்னுடைய இரண்டாவது வேலையே அந்த மேஜையில் காதில் விழுந்த ஒரு வார்த்தையால் வந்தது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்களுக்காக. உள்ளே நுழைந்தால் ஓட்டல் என்றே தோன்றாது. தோட்டம். பெரிய பெரிய மரங்கள், நடுவே கார்கள் நிற்க மண் தரை. அந்த நிலம் அக்ரி ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி வசம் இருந்தது, அதனால்தான் அத்தனை மரம். கார்காரர்கள் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கலாம், சர்வர் தேடி வருவார். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே ஹால். பஸ்ஸில் வந்து இறங்கியவனும் அம்பாசிடரில் வந்தவரும் ஒரே அடுக்களையின் சாம்பாரைத்தான் சாப்பிட்டார்கள்.

இதைக் கட்டியவர் உட்லண்ட்ஸ் கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சமையலறை எடுபிடியாகத் தொடங்கியவர். 1938-இல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவை எடுத்து உட்லண்ட்ஸ் என்று ஓட்டல் நடத்தினார். அப்புறம் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ். டிரைவ்-இன் 1962-இல். அப்போது ஜெமினி மேம்பாலம்கூடக் கிடையாது, அது 1973-இல்தான் வந்தது. ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்கிற காலத்தில், காரில் உட்கார்ந்தபடியே இட்லி சாப்பிடலாம் என்று ஒருவர் நினைத்திருக்கிறார் பாருங்கள்.

அந்தத் தட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சர்வர் வந்து, “கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க சார்” என்பார். முழுக்க இறக்கக் கூடாது, நாலு விரல் கண்ணாடி மேலே நிற்க வேண்டும். அந்த விளிம்பில் தட்டின் கொக்கிகளை மாட்டுவார். கீழே ஒரு தாங்கு, கதவில் சாய்ந்து நிற்கும். ஒரு தடவை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார், ஆடாது என்று தெரிந்த பிறகுதான் சாம்பார் கிண்ணத்தை வைப்பார். காருக்குள் இருக்கும் குழந்தைகள் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் இட்லியைத் தொடாத பிள்ளைகள் அந்தத் தட்டில் வைத்தால் மூன்று சாப்பிடும். என் மகளே சாட்சி. 1992-இல் ஒரு பழைய பியட் வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு நேரே அங்கேதான் ஓட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு நாலு வயது. தட்டு மாட்டிய பக்கம்தான் உட்காருவேன் என்று அழுது இடம் மாறினாள்.

சாப்பாடு எப்படி? நியாயமாகச் சொல்கிறேன். சென்னா பட்டூரா பிரமாதம். பந்து மாதிரி உப்பி வரும், விரலால் குத்தினால் ஆவி முகத்தில் அடிக்கும், பெரிய வெங்காய வளையம் பக்கத்தில். ரவா தோசை ஓரத்தில் முறுகலாக, நடுவில் மெத்தென்று, மிளகு முழுசாகக் கடிபடும். சாம்பாரில் உடுப்பிக்காரர்களின் வெல்லத் தித்திப்பு இருக்கும், எங்கள் தென்னாற்காட்டு நாக்குக்கு அது பழக ஒரு வருடம் ஆனது. இட்லி சுமார்தான். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் அதைவிட நல்ல இட்லி அப்போதும் கிடைத்தது. காபிக்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் கூட்டத்தின் ஆர்டர் டூ பை த்ரீ. இரண்டு காபி வாங்கி மூன்று பேருக்குப் பங்கு. இப்போதைய பிள்ளைகளுக்கு இந்த வார்த்தையே தெரியவில்லை. மாதக் கடைசியில் ரெப்கள் எல்லாருக்குமே அதுதான் கட்டுப்படி. அதற்காக ஒரு சர்வரும் முகம் சுளித்தது கிடையாது. மூன்றாவது டம்ளரைக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள்.

ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 1984, மார்ச் கடைசி. என் ஏரியா மேனேஜர் வந்திருந்தார். டிரைவ்-இன் மரத்தடியில் அவர் காரில் வைத்துத்தான் எனக்கு மூன்று மாத ரிவ்யூ. என் ஏரியாவில் விற்பனை ஏறவே இல்லை. அவர் கத்தவில்லை. கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார், “அடுத்த மாசமும் இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா” என்றார், கிளம்பிப் போய்விட்டார். நான் ஹாலுக்குள் போய் மூலை மேஜையில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு லெட்டர் எழுத ஆரம்பித்தேன், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று. காபி சொல்லியிருந்தேன், வந்ததைக் கவனிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது டம்ளரின் மேல் டபராவைக் கவிழ்த்து மூடியிருந்தது. எங்கள் மேஜைக்கு வழக்கமாக வரும் சர்வர், ஐம்பது வயது இருக்கும், குந்தாபுரம் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழ். தூரத்தில் நின்றுகொண்டே சொன்னார்: “எழுதி முடிங்க சார். ஆறாது.”

அந்த லெட்டரை நான் தபாலில் போடவில்லை. முப்பத்து மூன்று வருடம் அதே தொழிலில் இருந்து ரீஜனல் மேனேஜராக ஓய்வு பெற்றேன். அன்றைக்குச் சூடாக ஒரு காபி குடித்துவிட்டு யோசிக்க எனக்கு ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான் நடந்தது. அந்த இடம் இல்லாவிட்டால் எழும்பூரில் டிக்கெட் எடுத்திருப்பேன்.

அங்கே எழுதி வைக்காத ஒரு ஒழுங்கும் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குடும்பங்கள் வர ஆரம்பிக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், பாட்டிமார்கள், புதுக் கல்யாண ஜோடிகள். முதல் கார் உள்ளே வரும் சத்தம் கேட்டதும் ரெப்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். யாரும் எழச் சொன்னதில்லை. மதியம் பன்னிரண்டரை முதல் ஐந்து வரை எங்களுக்கு, ஐந்துக்கு மேல் அவர்களுக்கு. சினிமாக்காரர்கள் காலையிலேயே கதை விவாதத்துக்கு வந்துவிடுவார்கள், அவர்களுக்கு அவர்கள் மூலை. ஒரே நாற்காலி ஒரு நாளில் நாலு விதமான ஆட்களுக்கு வீடாக இருந்தது.

சுற்றுப்புறமும் அப்போது வேறு. பக்கத்தில் மவுண்ட் ரோட்டில் சபையர் தியேட்டர், 1964-இல் கட்டியது, சபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என்று ஒரே வளாகத்தில் மூன்று. மாலை டாக்டர் வராத நாளில் புளூ டைமண்டில் படம் பார்த்திருக்கிறேன். அதை இடித்த பிறகு அந்த இடம் வெகுகாலம் வெறும் நிலமாகக் கிடந்தது. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது ‘தி பார்க்’ நட்சத்திர ஓட்டல். ஸ்பென்சர்ஸ் பழைய சிவப்புக் கட்டடம் 1983-இல் எரிந்தது, நான் ஊருக்கு வந்த வருடம். அந்தத் தீயைப் பற்றித்தான் மேன்ஷன் முழுக்கப் பல நாள் பேச்சு. சாந்தி தியேட்டர் 2016-இல் போனது. எக்ஸ்பிரஸ் எஸ்டேட் 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் ஆனது. மவுண்ட் ரோட்டில் பளிங்கு மேஜை போட்ட இரானி டீக்கடைகள் எப்போது ஒவ்வொன்றாகக் குறைந்தன என்று எனக்கே நினைவில்லை. பல் விழுகிற மாதிரி, நாக்கு அந்த இடத்துக்குப் போகும்போதுதான் தெரிகிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷ் மட்டும் தனியாக வலிக்கிறது. 1954-இல் திறந்த கட்டடம், வளைவான முகப்பு, ஐஸ்கிரீம் சாப்பிடுவதற்காகவே ஊர்க்காரர்கள் எழும்பூரில் இறங்கியதும் அங்கே போவார்கள். என் பெண் பார்க்கும் படலம் முடிந்து, நிச்சயமான பிறகு, மாமனார் எங்கள் இருவரையும் முதன்முதலில் தனியாக அனுப்பிய இடம் அது. தனியாக என்றால், மச்சினனும் கூட. கிண்ணம் காலியான பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதையும் இடித்துவிட்டார்கள். லஸ் முனை சாந்தி விஹாரும் இல்லை. லஸ்ஸில் இப்போது மெட்ரோ தடுப்புகளைச் சுற்றி நடந்தால் எது எங்கே இருந்தது என்று எனக்கே திசை தப்புகிறது.

இந்த ஓட்டல்களெல்லாம் ஏன் போயின என்று பலர் பலது சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் நிலம். உடுப்பிக்காரர்கள் ஓட்டல் கட்டியபோது ராயப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் தோட்டத்தோடு பங்களா கிடைத்தது. இன்று அந்த நிலத்தில் இட்லி விற்று வரும் பணம் நிலத்தின் விலைக்கு வட்டிகூட ஆகாது. வாடகைக்கு எடுத்தவர்கள் ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தால்தான் தப்பிக்க முடியும் என்று கணக்குப் போடுகிறார்கள். பில்லைக் கொண்டுவந்து நிற்கிற பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை நிறுத்தி வைத்திருப்பது வாடகை. சர்வர்களும் இல்லை. குந்தாபுரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், அந்தப் பிள்ளைகள் தட்டைத் தூக்க வரவில்லை. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

டிரைவ்-இன் மூடப்போகிறது என்று 2008-இல் செய்தி வந்ததும் ஓடினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஊரே வந்திருந்தது. நின்றபடியே ஒரு காபி குடித்தேன். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு 2010-இல் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள், இருபது ஏக்கர். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. பழைய மரங்களை விட்டு வைத்திருக்கிறார்கள். தாத்தா பாட்டிகள் நடக்கிறார்கள், காதலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் 2024-இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது, கம்பியில் தொங்கிப் போகிற ஜிப்லைனுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஊரில் நிழலை விற்காமல் விட்டதே பெரிய காரியம். உள்ளே போகிறபோதெல்லாம் சமையலறை எந்தப் பக்கம் இருந்தது என்று என் கால் தானாகத் திரும்பும்.

சரி, இப்போது எங்கே போகலாம் என்று கேட்பீர்கள். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேவுக்குப் போங்கள், 1948-இலிருந்து இருக்கிறது. சாம்பார் இட்லி கேட்டால் இட்லி மிதக்கும்படி ஊற்றுவார்கள். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். மயிலாப்பூர் ராயர் கஃபேயில் பொங்கலும் கெட்டிச் சட்னியும் சாப்பிடாதவர்கள் வாழ்க்கையில் ஒரு காலை நேரத்தை எனக்காக ஒதுக்குங்கள். சின்ன இடம், வாசலில் ஆள் காத்திருப்பார்கள், சாப்பிட்டதும் எழுந்துவிடுவதுதான் மரியாதை. இரண்டுக்கும் சுவையில் முழு மதிப்பெண். உட்காருவதற்கு நேரம் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறேன். திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு சந்து. நாலு மேஜை. சுவரில் பழைய காலண்டர்கள், மேலே ஒரு மின்விசிறி, மெதுவாகத்தான் சுற்றும். டிகிரி காபி, மதியத்துக்கு மேல் கீரை வடை. இதை நான் எழுதிக்கொண்டிருப்பது அங்கே மூன்றாவது மேஜையில்தான். எழுதுகிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். “பேரைப் போட்டுடாதீங்க சார், இருக்கிறதே நாலு டேபிள்” என்றார். அதனால் போடவில்லை. தேடினால் கிடைக்கும், டிகாக்ஷன் வாசனை சந்து முனை வரை வருகிறது.

போன வாரம் என்னோடு அந்தக் காலத்து ரெப்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு இப்போது காதே கேட்பதில்லை. டூ பை த்ரீ என்று சொன்னேன். கடைக்காரப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, விழித்தான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் கல்லாவில் இருந்தபடியே மூன்று விரலைக் காட்டினார். இரண்டு காபியும் ஒரு காலி டம்ளரும் வந்தன.

போவதாக இருந்தால் மதியம் மூன்று மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. ஐந்தே காலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அம்மாக்களோடு வடைக்கு வருவார்கள். அப்போது எழுந்துவிடுங்கள்.